போன் யாருடையது? அடி விழும் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு ஒரு செல்கடைக்காரி சொல்வது

வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ், சிம், டெம்பர் கிளாஸ், டிஸ்பிளே மாற்றுவது, சார்ஜிங் பின்னுக்கு சால்டர் வைப்பது எல்லாம் நானேதான். குழுக் கடன் 40,000 ரூபாய் வாங்கித் தொடங்கி 12 வருஷம் ஆகிறது. சுற்றிலும் நூல்மில்கள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள்தான் என் வாடிக்கையில் பாதி. ஆம்பளை உட்கார்ந்திருக்கும் கடைக்குப் போகத் தயங்குகிறவர்கள் என்னிடம் வந்துவிடுவார்கள். "சார்ஜ் நிக்க மாட்டேங்குதுக்கா" என்று போனை நீட்டுவார்கள். பேட்டரி நன்றாகத்தான் இருக்கும். பக்கத்தில் நிற்பவர்கள் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தி, "நான் யார்கிட்ட பேசுறேன்னு அவருக்கு எப்படியோ தெரிஞ்சிடுது. எப்படின்னு பாக்க முடியுமா?" என்பார்கள்.

அந்தக் கேள்விக்கு இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட பதிலை இங்கே வரிசையாக எழுதுகிறேன். வரிசையை மாற்றிச் செய்தால் அடி கூடும். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே மாற்றிச் செய்து ஒரு அக்காவை மாட்டிவிட்டிருக்கிறேன்.

நாலு வருஷம் இருக்கும். மில்லில் வேலை பார்க்கும் அக்கா. அவர் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, மேலே மூன்று புள்ளியைத் தொட்டு, 'லிங்க்டு டிவைசஸ்' என்பதற்குள் போனேன். உள்ளே ஒரு கம்ப்யூட்டர் நின்றது. கடைசியாகப் பார்த்த நேரம் அன்றைக்குக் காலை 11.40. அக்கா வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. வீட்டுக்காரர் ஒரு பைனான்சில் கணக்கு எழுதுகிறவர், அங்கே இருக்கிறது. அக்கா தூங்கும்போது விரலை வைத்து லாக்கைத் திறந்து, ஒரே ஒரு தடவை ஸ்கேன் செய்திருக்கிறார். அவ்வளவுதான், அதற்கப்புறம் போனைத் தொடவே வேண்டாம், வருகிற மெசேஜ் எல்லாம் அவர் மேஜைக்கே வந்துவிடும். நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி 'லாக் அவுட்' பட்டனை அழுத்தி, "முடிஞ்சுதுக்கா, இனி பாக்க முடியாது" என்று போனைக் கையில் கொடுத்தேன்.

ராத்திரி ஏழு மணிக்கு அந்த மனுஷன் கடைக்கு வந்தார். டிஸ்பிளே சிதறிய போனைக் கண்ணாடி மேஜை மேல் வைத்து, "இதுல கை வெச்சது நீதானா?" என்றார். பின்னால், வெளியே தார்ப்பாய்க்குக் கீழே அக்கா நின்றார். முந்தானையால் ஒரு பக்கக் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். அடுத்த ஒன்பது நாள் அவர் பஸ் ஸ்டாண்டில் தென்படவில்லை. பத்தாம் நாள் வந்து, என்னைத் திட்டவில்லை, "நீ எடுத்துவிட்டது அவருக்கு உடனே தெரிஞ்சிருச்சு தங்கச்சி. எடுக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அதனால், கீழே நான் எழுதுவதில் எதையும் இன்றைக்கே போய் மாற்றாதீர்கள். முதலில் பார்க்க மட்டும் செய்யுங்கள். இதைக்கூட அவர் கைபடும் போனில் படிக்காமல், அம்மா போனிலோ கூட வேலை பார்ப்பவர் போனிலோ படியுங்கள்.

முதல் வேலை: தொடாமல் பார்ப்பது

உங்கள் கையில் இருக்கும் போன் உங்களுடையதா என்று மூன்று இடத்தில் பார்க்க வேண்டும்.

முதலாவது சிம். நம் ஊரில் பாதிப் பெண்களின் சிம் அண்ணன் பேரிலோ அப்பா பேரிலோ வீட்டுக்காரர் பேரிலோதான் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் ஒருவர் பேரில், பின்னால் இன்னொருவர் பேரில். சிம் யார் பேரில் இருக்கிறதோ அவர் நினைத்தால் ஒரே நாளில் அதை நிறுத்தலாம், தொலைந்துவிட்டது என்று சொல்லி அதே நம்பருக்கு வேறு சிம் வாங்கலாம், எந்த நம்பருக்குப் பேசினீர்கள் என்ற விவரத்தையும் கம்பெனியிடம் கேட்டு வாங்கலாம். போனில் கால் லிஸ்ட்டை நீங்கள் அழித்தாலும் அது கம்பெனி கணக்கில் இருக்கும். இதைத் தெரிந்துகொள்ள சஞ்சார் சாத்தி என்று அரசாங்கத்தின் இணையதளம் இருக்கிறது, 2023-ல் வந்தது. அதில் உங்கள் நம்பரைப் போட்டால் ஓடிபி வரும். அதை அடித்தால், அந்த சிம் யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில் இருக்கும் மற்ற நம்பர்களும் வரும். நடு எண்களை மறைத்துக் காட்டினாலும் நம் வீட்டு நம்பர் நமக்குத் தெரியாதா? வீட்டுக்காரர் நம்பரின் கடைசி எண்கள் அந்தப் பட்டியலில் இருந்தால், உங்கள் சிம்மும் அவர் பேரில்தான். பார்த்து முடித்ததும் ஓடிபி மெசேஜை அழித்துவிடுங்கள்.

இரண்டாவது ஜிமெயில். புதுப் போன் வாங்கும்போது வீட்டுக்காரரோ கொழுந்தனாரோதான் எல்லாம் போட்டுக் கொடுத்திருப்பார்கள். செட்டிங்ஸில் 'கூகுள்' என்ற இடத்தில் எந்த மெயில் இருக்கிறது என்று பாருங்கள். அது அவர் உருவாக்கியது, பாஸ்வேர்டும் அவருக்குத் தெரியும் என்றால், நீங்கள் எடுக்கும் போட்டோ, சேமிக்கும் நம்பர், யூடியூபில் தேடியது, போன் இருக்கும் இடம் எல்லாவற்றையும் அவர் வேறு இடத்தில் இருந்தே பார்க்கலாம். மேப்பில் உங்கள் படத்தைத் தொட்டால் 'லொகேஷன் ஷேரிங்' என்று வரும். அதில் யார் பேராவது இருந்தால், நீங்கள் மில்லில் இருக்கிறீர்களா அம்மா வீட்டில் இருக்கிறீர்களா என்று அந்த ஆளுக்கு வரைபடத்திலேயே தெரிகிறது.

மூன்றாவது லாக். உங்கள் விரல் மட்டும்தான் பதிந்திருக்கிறதா? பல போனில் இரண்டு மூன்று விரல் பதிந்திருக்கும். பெண்கள் அவையெல்லாம் தங்கள் விரல் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இவை போக, வாட்ஸ்அப்பில் நான் மேலே சொன்ன லிங்க்டு டிவைசஸ். அப்புறம் கால் ஃபார்வர்டிங்: டயல் பேடில் *#21# அடித்தால் உங்கள் கால் வேறு நம்பருக்குத் திரும்புகிறதா என்று காட்டும். சில சிம்மில் இது வேலை செய்யாது, கால் செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

இவற்றில் ஒன்றிலும் இல்லை, ஆனாலும் எல்லாம் தெரிந்துவிடுகிறது என்றால், ஒளிந்து வேலை செய்யும் ஆப் ஏதாவது போட்டிருக்கலாம். பேட்டரி வழக்கத்தைவிட வேகமாக இறங்குவது, போன் சும்மா இருக்கும்போதே சூடாவது என்று அடையாளம் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அதை நம்ப வேண்டாம். என் கடைக்கு வரும் பழைய போன் எல்லாமே சூடாகத்தான் இருக்கிறது. செட்டிங்ஸில் ஆப் லிஸ்ட் முழுவதையும் பார்த்து, நீங்கள் போடாதது எது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அழிக்க வேண்டாம்.

ஊருக்குக் காட்டும் போனும் உங்கள் போனும்

இப்போது ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டது. அடைக்கத்தான் கை துறுதுறுக்கும். அடைத்த நிமிஷமே அவருக்குத் தெரியும், எனக்கு நடந்தது போல. நீங்கள் அதே வீட்டில் அன்று ராத்திரி படுக்க வேண்டும் என்றால், அந்தப் போனை அப்படியே விடுங்கள். அது ஊருக்குக் காட்டும் போன். அதில் எப்போதும் போல அக்காவுக்குக் குட் மார்னிங் அனுப்புங்கள், சமையல் வீடியோ பாருங்கள். திடீரென்று அமைதியாகிவிட்டாலும் சந்தேகம் வரும்.

உங்கள் காரியத்துக்கு வேறு போன். நான் எப்போதும் சொல்வது பட்டன் போன்தான். சின்னது, மலிவு, சார்ஜ் பல நாள் நிற்கும், இன்டர்நெட் இல்லாததால் மெயில் வழியாக யாரும் உள்ளே வர முடியாது. அதற்கு உங்கள் பேரில் ஒரு புது சிம். கடையில் ஆதார் நம்பரும் விரல் ரேகையும் போதும், முகத்தைப் போட்டோ எடுப்பார்கள். கார்டு அவர் பீரோவில் பூட்டி இருந்தால் பரவாயில்லை, நம்பர் தெரிந்தால் சரி. கடைக்காரர் "ஓடிபி சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் நிறுத்துங்கள். ஆதாரில் பதிந்திருப்பது வீட்டுக்காரர் நம்பர் என்றால் ஓடிபி அவர் போனில்தான் அடிக்கும். "ரேகை வெச்சு எடுங்க" என்று சொல்லுங்கள். ஆதாரில் அவர் மெயிலைக் கொடுத்திருந்தால் ரேகை வைத்தாலும் மெயிலுக்குத் தகவல் போகலாம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். அப்படி இருந்தால் அம்மா பேரில் சிம் எடுப்பது நல்லது.

போனை எங்கே வைப்பது? அரிசி டிரம்மில் வைக்காதீர்கள். அஞ்சறைப் பெட்டியிலும் வேண்டாம். ஆம்பளைகள் முதலில் கை விடுவது அங்கேதான், பெண்கள் பணம் ஒளிக்கும் இடம் என்று சின்ன வயதிலிருந்தே அவர்களுக்குத் தெரியும். வீட்டில் வைக்காமல் இருப்பதே மேல்: மில் லாக்கர், தையல் கடைத் தோழி, அம்மா வீடு. வீட்டில்தான் வைக்க வேண்டும் என்றால் ரிங்டோனோடு வைப்ரேஷனையும் நிறுத்துங்கள். ஒரு பெண் சைலண்டில் போட்டு எவர்சில்வர் தூக்குக்குள் வைத்திருந்தாள். ஒரே ஒரு மெசேஜ் வந்தது, தூக்குப் பாத்திரம் கோயில் மணி மாதிரி கிணுகிணுத்துவிட்டது. பட்டன் போனில் சாவியை அழுத்தும்போது வரும் சத்தம், சார்ஜ் போடும்போது வரும் சத்தம் இரண்டும் தனியாக இருக்கும், அவற்றையும் நிறுத்த வேண்டும்.

சிம் நம்பரை அந்தப் போனிலேயே சேமிக்காதீர்கள். உதவிக்கு வருகிறவர்களின் நம்பர் நாலைந்தை மனப்பாடம் செய்யுங்கள். எங்கள் தலைமுறைக்கு இது கைவந்த கலை, இப்போது யாருக்கும் சொந்த வீட்டு நம்பரே தெரிவதில்லை. ஒன்று கவனம்: தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாத சிம்மைக் கம்பெனி நிறுத்திவிடலாம். மாசம் ஒரு தடவையாவது ஒரு கால் பேசுங்கள், கொஞ்சம் காசு போட்டு வையுங்கள்.

இதற்கும் வழி இல்லை என்றால் தனிப் போனே வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா போனை வாரத்துக்கு ஒரு தடவை கேட்டு வாங்கிப் பேசுவது பிடிபடாத வழி.

யாருக்குப் பேசுவது, என்ன சொல்வது

181 பெண்களுக்கான உதவி எண். காசு இல்லை, ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள். 112 அவசரத்துக்கு, போலீஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் அதில். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098. பணத்தை ஆன்லைனில் எடுத்துவிட்டார்கள், படத்தைப் போட்டு மிரட்டுகிறார்கள் என்றால் 1930.

181-க்குப் பேசப் பல பெண்கள் பயப்படுவது, பேசினால் உடனே போலீஸ் வீட்டுக்கு வந்துவிடும் என்றுதான். நீங்கள் கேட்காமல் அப்படி நடக்காது. ஆலோசனை மட்டும் கேட்கலாம், தங்க இடம் கேட்கலாம், வக்கீல் உதவி கேட்கலாம். பேச நேரம் கம்மியாக இருக்கும், அதனால் முதல் வாக்கியத்தைத் தயார் செய்து வையுங்கள். நான் சொல்லிக் கொடுப்பது இப்படி: "என் பேர் இது, ஊர் இது, வீட்டுக்காரர் அடிக்கிறார். இது பாதுகாப்பான நம்பர் இல்லை, நீங்கள் திரும்பக் கூப்பிட வேண்டாம். நாளைக்கு மத்தியானம் நானே கூப்பிடுகிறேன்." திரும்பக் கூப்பிட வேண்டாம் என்பதைச் சொல்ல மறந்துவிட்டால் அவர்கள் அக்கறையோடு ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுவார்கள், போனை எடுப்பது யார் என்று சொல்லவா வேண்டும்?

மாவட்டத்துக்கு மாவட்டம் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, சகி என்றும் சொல்வார்கள். மருத்துவம், ஆலோசனை, போலீஸ், வக்கீல், சில நாள் தங்க இடம் எல்லாம் ஒரே கூரையில். கலெக்டர் ஆபீசில் சமூக நலத்துறையில் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பார். 2005-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டத்தில் கோர்ட்டுக்கு மனு போட்டுத் தருவது அவர் வேலை. அந்தச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் இருக்கிறது. அடிப்பது மட்டும் வன்முறை என்று அதில் இல்லை. சம்பளத்தைப் பிடுங்குவது, வாயால் கேவலப்படுத்துவது, விருப்பம் இல்லாமல் படுக்கைக்கு இழுப்பது எல்லாமே அதில் வரும். செல்கடைக்காரி என்ற முறையில் எனக்குப் பிடித்தது அதன் 18-ஆம் பிரிவு: போனிலோ மெசேஜிலோ வேறு எந்த வகையிலோ அந்தப் பெண்ணைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். மீறினால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வீட்டுக்குள் குறிச்சொல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு மாமியும் மருமகளும் (ஆமாம், மாமியார்தான் மருமகளைக் காப்பாற்றினார், பெற்ற மகனிடமிருந்து) ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மருமகளிடமிருந்து பக்கத்து வீட்டுக்கு "தோசை மாவு இருக்கா?" என்று மெசேஜ் போனால், பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி எதையாவது கேட்டு நிற்பார். தட்டுகிற சத்தத்திலேயே பாதி நாள் கை தாழ்ந்துவிடும். "மாவு உடனே வேணும்" என்று வந்தால் 112.

சொல்ல நேரமே இல்லாத நேரத்துக்கு: 2017-க்கு அப்புறம் நம் நாட்டில் விற்ற போன்களில் அவசரப் பட்டன் இருக்க வேண்டும் என்பது விதி. டச் போனில் பவர் பட்டனைத் தொடர்ந்து மூன்று தடவை, பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடிப்பது. போனுக்குப் போன் இது மாறுகிறது, சிலவற்றில் ஐந்து தடவை அழுத்த வேண்டும். உங்கள் போனில் எது என்று செட்டிங்ஸில் 'எமர்ஜென்சி' என்ற இடத்தில் முன்கூட்டியே பாருங்கள். அங்கே யாருக்கு மெசேஜ் போகும் என்று ஒரு பேர் கொடுத்திருப்பார்கள். அது வீட்டுக்காரர் பேராக இருக்கப் போகிறது! நான் இரண்டு போனில் அப்படிப் பார்த்துவிட்டேன். தமிழ்நாடு போலீஸின் காவல் உதவி ஆப்பும் நல்லதுதான், ஆனால் அதன் படம் போனில் தெரியும், அவர் பார்க்கும் போனில் வேண்டாம்.

15-ஆம் தேதி மெசேஜ்

2023 செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது, ஒரு கோடிக்கும் மேலான பெண்களுக்கு மாசம் ஆயிரம் ரூபாய். அன்றைக்கு என் கடையில் கூட்டம். "காசு ஏறிருச்சான்னு பாருக்கா" என்று ஒவ்வொருவராக வருகிறார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு மட்டும் மெசேஜே வரவில்லை. கணக்கில் பணம் ஏறியிருந்தது, எடுக்கவும் பட்டிருந்தது. பேங்கில் கொடுத்திருந்த நம்பர் வீட்டுக்காரருடையது, ஏடிஎம் கார்டும் அவர் சட்டைப் பையில். மெசேஜ் வந்து அரை மணி நேரத்தில் மெஷின் வாசலில் நின்றுவிட்டார். பணம் அவள் பேரில்தான் வந்தது, தகவல் அவளுக்கு வரவில்லை.

பேங்கில் நம்பரை மாற்ற பாஸ்புக்கும் ஆதாரும் எடுத்துக்கொண்டு கிளைக்கு நேரில் போங்கள். ஆனால் நம்பரை மாற்றினால் பழைய நம்பருக்கும் "மாற்றப்பட்டது" என்று தகவல் போக வாய்ப்பு இருக்கிறது. அதனால் உடனே வீட்டை விட்டுக் கிளம்பும் நிலையில் இல்லாதவர்கள், அந்தக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு வேறு பேங்கில் புதுக் கணக்கு தொடங்கி, புது சிம் நம்பரைக் கொடுப்பது நல்லது. பாஸ்புக் வீட்டுக்கு வரக் கூடாது, போன் இருக்கும் இடத்திலேயே அதுவும் இருக்கட்டும். ஓவர்டைம் பணம், குழுவில் கிடைக்கும் வட்டி என்று சிறுகச் சிறுக அங்கே போகட்டும். ஆதாரில் போன் நம்பரை மாற்ற ஆதார் மையத்தில் ரேகை வைத்தால் போதும், வேறு ஆவணம் கேட்க மாட்டார்கள். இதைக் கடைசியாகச் செய்யுங்கள்.

சாட்சியைச் சேர்ப்பது

அடிபட்டால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லாதீர்கள், நடந்ததைச் சொன்னால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவார்கள். பின்னால் கோர்ட்டில் நூறு போட்டோவைவிட அந்த ஒரு தாள் பேசும். ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரை வாங்கியதற்கான சீட்டு, வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். "சமாதானமா போங்கம்மா" என்பார்கள், ரசீதை வாங்கிக்கொண்டே சமாதானமாகப் போகலாம்.

காயத்தைப் போட்டோ எடுத்தால், ஒன்று கிட்டத்தில், ஒன்று முகத்தோடு சேர்த்து. உடனே நம்பிக்கையான ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். அனுப்பியதும் உங்கள் பக்கம் 'டெலீட் ஃபார் மீ' கொடுங்கள். அவசரத்தில் 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுத்துவிட்டால் அங்கேயும் போய்விடும், ஒரு பெண் அப்படி மூன்று மாதச் சாட்சியை இழந்தாள். கேலரியில் அழித்த படம் குப்பைத் தொட்டியில் கிடக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் 60 நாள் வரை அங்கே இருக்கும். தொட்டியையும் காலி செய்ய வேண்டும். வாட்ஸ்அப் கம்ப்யூட்டரில் திறந்திருக்கும் போனிலிருந்து இதையெல்லாம் செய்யவே கூடாது என்பதை மறுபடி சொல்கிறேன்.

மிரட்டல் மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது பேருக்குப் பதில் நம்பர் தெரிய வேண்டும். பேரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் சேமிக்கலாம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். மெசேஜ் வந்த போனையே பத்திரமாக வைத்திருங்கள், டிஜிட்டல் சாட்சிக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது மூலப் போன் தேவைப்படலாம். கால் ரெக்கார்டிங் போடுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. இப்போது வரும் பல போனில் ரெக்கார்டை அழுத்தியதும் "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று இரண்டு பக்கமும் கேட்கிற மாதிரி ஒரு குரல் சொல்லும். முதலில் தோழியோடு பேசிப் பழகிப் பாருங்கள். கணவன் மனைவிக்குள் ரகசியமாகப் பதிந்த பேச்சைத் திருமண வழக்கில் சாட்சியாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் பதிவு செய்தவர் கணவர். கத்தி இரண்டு பக்கமும் வெட்டும், நீங்கள் கோபத்தில் சொல்வதும் பதிவாகலாம்.

இது எதுவும் முடியாதவர்கள், பிள்ளையின் நோட்டில் தேதி, நேரம், என்ன நடந்தது, யார் பார்த்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். பால் கணக்கு மாதிரி எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

கிளம்பும் நாள்

கிளம்பியபின்தான் ஓட்டைகளை அடைக்க வேண்டும், அதுவும் ஒரே மூச்சில். பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்து லிங்க்டு டிவைசஸ் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். புது மெயில் தொடங்குங்கள், லொகேஷன் ஷேரிங்கை நிறுத்துங்கள், பழைய விரல் ரேகைகளை அழித்து உங்களுடையதை மட்டும் வையுங்கள். வழியிலேயே செய்ய வேண்டாம், வழியில் போனை ஆஃப் செய்துவிடுங்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்பதால் ஜிபே செய்த கணக்கு எதுவும் விழாது, இது எனக்குப் பிடித்த விஷயம்.

எல்லோரும் கோட்டைவிடுவது பிள்ளைகள் போனில். அம்மா எல்லாம் மாற்றிவிட்டு வருவார், பையன் கேம் விளையாட அப்பா வாங்கிக் கொடுத்த டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு வருவான். அதில் அப்பா மெயில். அதே மாதிரி சாமான் வாங்கும் ஆப்பில் புது முகவரி போட்டால், அதே கணக்கை வைத்திருப்பவருக்கு முகவரி தெரியும். பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் அவரும் இருந்தால், புதுப் பள்ளியின் குரூப்பில் சேர்க்கும்போது டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பக்கத்தில் இருந்து உதவுகிறவர்களுக்கு

ஒரு பயிற்சி வகுப்பில் பேராசிரியை ஒருவர் ஒரு ஆராய்ச்சியைச் சொன்னார். கேபிள் டிவி வந்த கிராமங்களில், "வீட்டுக்காரர் அடிப்பது நியாயம்தான்" என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்களாம். 2009-ல் வந்த அந்த ஆய்வில் தமிழ்நாட்டுக் கிராமங்களும் இருந்தன. நான் நம்புகிறேன், எங்கள் தெருவிலேயே பார்த்தேன். ஆனால் டிவி நடுவீட்டில் எல்லோரும் பார்க்கிற பெட்டி. போன் அப்படி இல்லை, அவள் கைக்குள் இருப்பது, அவளும் இன்னொருவரும் மட்டும் பேசுவது. அதனால்தான் சண்டையே அதில் வருகிறது. "யார்கிட்ட சிரிச்சுப் பேசின?" என்று ஆரம்பித்து அடியில் முடியும்.

தேசியக் குடும்ப நல ஆய்வு, 2019-21: தமிழ்நாட்டில் பெண்கள் 100 பேரில் 75 பேர் அளவுக்குச் சொந்தமாகப் பயன்படுத்தும் போன் வைத்திருக்கிறார்கள், இந்திய அளவில் 54 பேர். அதே ஆய்வில், கணவனிடம் வன்முறையை அனுபவித்தவர்கள் இந்திய அளவில் 100க்கு 29, தமிழ்நாட்டில் 38. இங்கே வெளியே சொல்கிறவர்கள் கூடுதலோ என்னவோ. அது எப்படியோ, போன் வந்ததால் மட்டும் கை தாழவில்லை என்பது நிச்சயம். அடிபட்டவர்களில் நாடு முழுவதும் 100க்கு 14 பேர்தான் உதவி கேட்டிருக்கிறார்கள்.

அதனால் தங்கைக்கு இரக்கப்பட்டு டச் போன் வாங்கிக் கொடுத்துவிட்டு வரும் அண்ணன்களே, கொடுப்பதற்கு முன் அவளைக் கேளுங்கள். "இது வந்தால் வீட்டில் என்ன நடக்கும்?" என்று ஒரு கேள்வி. அவள் வேண்டாம் என்றால் மாசம் ஒரு தடவை நேரில் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அவள் விஷயத்தைக் குடும்பக் குரூப்பில் எழுதாதீர்கள். "அப்ப அந்த வீட்டை விட்டு வந்துடு" என்று போனில் சொல்லாதீர்கள், ஸ்பீக்கரில் யார் கேட்கிறார்கள் என்று தெரியாது. பேச ஆரம்பிக்கும்போதே "என்ன குழம்பு இன்னைக்கு?" என்று கேளுங்கள். அவள் தனியாக இருந்தால் பதிலை நீட்டுவாள், பக்கத்தில் ஆள் இருந்தால் "ரசம்" என்று ஒரே வார்த்தையில் முடிப்பாள். எல்லோருக்கும் ஒரே சொல்லாக இருக்கக் கூடாது என்பதால் இந்த ரசத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்களுக்கென்று ஒன்று வையுங்கள்.

செல்கடை வைத்திருக்கும் தம்பிகளுக்கும் ஒன்று. ஒரு ஆள் பெண்ணின் போனைக் கொண்டுவந்து "பேட்டர்ன் மறந்துட்டா, எடுத்துக் குடு" என்றால், அந்தப் பெண் வரட்டும் என்று சொல்லுங்கள். ஐம்பது ரூபாய் போகும், போகட்டும்.

அந்த மில் அக்கா இப்போது பிள்ளையோடு தனி வீட்டில் இருக்கிறார். அதற்குப் பதினான்கு மாதம் ஆனது. அந்தப் பதினான்கு மாதமும் அவருடைய பட்டன் போன் என் கடை டிராயரில், பழைய சார்ஜர்களுக்கு அடியில் கிடந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு, டீ வாங்கப் பையன் போகும் நேரமாகப் பார்த்து வருவார், பேசுவார், திருப்பி வைத்துவிட்டுப் போவார். மாசத்துக்கு ஒரு டாப்-அப். பணத்தைக் கொடுத்துவிட்டு, கம்பெனியிலிருந்து வரும் ரீசார்ஜ் மெசேஜை அழிக்கும் வரைக்கும் மேஜையை விட்டு நகர மாட்டார். நீங்களும் அதை மறக்காதீர்கள். அந்த மெசேஜ் இன்பாக்ஸில் மேலேயே நிற்கும்.